குடும்பம், வருமானம், பிள்ளையின் பள்ளிக்கூடம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இவையெல்லாம் இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் கல்முனைப் பக்கத்திலும் அம்மாமார், அம்மம்மாமார், இடையிடையே ஆசிரியர்கள் என்னிடம் கேட்டவை. ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன். யாருடைய பெயரும் இல்லை. மேலிருந்து கீழே வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போகும்.

பள்ளிக்கூடம் இலவசம்தானே. பிறகு என்னத்துக்கு வீட்டு வருமானத்தைப் பத்திக் கதைக்கிறீங்க?

இலவசம்தான். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இலிருந்து பாடநூலும் 1993இலிருந்து சீருடையும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் சப்பாத்து, கொப்பி, பை, பஸ் காசு, வசதிக் கட்டணம், ரியூசன், காலைச் சாப்பாடு எல்லாம் வீட்டுக் கணக்கில்தான் விழுகின்றன.

விழுகிற மாதத்தையும் பாருங்கள். வழமையாகப் புது வகுப்பு ஜனவரியில் தொடங்கும். மாரி வெள்ளாமை அப்போது வயலில் நிற்கும். விதைநெல்லுக்கும் உரத்துக்கும் எண்ணெய்க்கும் வாங்கிய கடன் அடைபட்டிருக்காது. வெள்ளம் வந்தால் கூலி வேலை இல்லை, வாடைக்காற்றில் கடலுக்கும் போக முடியாது. வருடத்தில் கை மிகவும் காய்ந்து கிடக்கும் மாதத்தில் மூன்று பிள்ளைக்குக் கொப்பி வாங்க வேண்டியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத செலவு இன்னொன்று உண்டு. பதினான்கு வயதுப் பையன் வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வராத ஒரு நாட்கூலி. சோற்றுக்கே தட்டுப்பாடான வீட்டில் இந்தக் கணக்கு யாரும் சொல்லாமலே எல்லோர் மனதிலும் ஓடும்.

அப்பா இல்லாத புள்ளைகள் படிக்காதுகளா?

படிக்கும். இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மா ஏற்கெனவே பலரிடம் குத்துப்பேச்சு வாங்கியவர் என்று எனக்குத் தெரியும். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

புள்ளிவிவரம் என்ன சொல்கிறது? அமெரிக்கச் சமூகவியலாளர் சாரா மக்லனஹன் 1990களில் பெரிய அளவில் ஆராய்ந்தார். பெற்றோரில் ஒருவரோடு மட்டும் வளர்ந்த பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியை இடையில் விடும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார். அதோடு நிறுத்திவிட்டால் அது அரைகுறைச் செய்தி. அந்த இடைவெளியில் ஏறத்தாழ பாதி, வருமானம் குறைந்ததால் வந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி, பிள்ளையைக் கவனிக்க நேரம் குறைந்ததாலும் வீடும் பள்ளியும் மாறியதாலும் வந்தது. கணவரை இழந்த தாய்மாரின் பிள்ளைகள், பெற்றோர் பிரிந்த பிள்ளைகளைவிடப் பொதுவாக நன்றாகப் படித்தார்கள் என்றும் பல ஆய்வுகள் காட்டின. இரண்டு வீட்டிலும் அப்பா இல்லை. ஆனாலும் விளைவு வேறு.

அதனால் ‘அப்பா இருக்கிறாரா’ என்று கேட்பதைவிட ‘அவர் போனபோது வீட்டிலிருந்து என்னென்ன போயின’ என்று கேட்டால் பிள்ளைக்கு உதவும் பதில் கிடைக்கும். காசா? பின்னேரம் கொப்பியைப் பார்க்கும் ஆளா? பள்ளிக்குக் கூட்டிப்போன சைக்கிளா? போனது எதுவென்று தெரிந்தால் அதை வேறு யாராவது நிரப்பலாம். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது இதைத்தான்.

எங்கட பக்கம் பொம்புளப் புள்ளைக்குத்தானே வீடு. அது புள்ளட படிப்புக்கு உதவுமா?

நிறைய உதவும். வெளிநாட்டு ஆய்வுகளை அப்படியே நம் ஊருக்குப் போட முடியாததற்கு முதல் காரணமே இதுதான். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். வீடு வளவு சீதனமாக மகளுக்குப் போகும். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பக்கத்திலேயே இன்னொரு வீடு போட்டு அடுத்தவளோடு இருப்பார்கள். கொஞ்சக் காலத்தில் ஒரே வேலிக்குள் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா என்று எல்லோரும் வந்துவிடுவார்கள்.

கணவர் இறந்தாலும் விட்டுவிட்டுப் போனாலும் அந்தப் பெண்ணை யாரும் எழும்பச் சொல்ல முடியாது. பிள்ளைகள் அதே வீட்டில், அதே பள்ளியில் இருப்பார்கள். அம்மா கூலிக்குப் போனால் பெரியம்மா சோறு போடுவா. வீடு மாறுவது பிள்ளையின் படிப்பை எவ்வளவு குலைக்கும் என்று மேலே சொன்னேன். நம் வழக்கம் அந்த அடியைத் தாங்கிக்கொள்கிறது.

ஆனால் இது உடைந்த இடங்களும் உண்டு. போரில் இடம்பெயர்ந்து வேறிடத்தில் குடியேறியவர்கள், 2004 சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து உள்ளே வீட்டுத்திட்டங்களுக்குப் போனவர்கள் பலருக்கு அக்கா ஒரு திட்டத்தில், தங்கை வேறொரு திட்டத்தில். போதாததற்கு, பல இடங்களில் புது வீட்டின் உரித்து ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயருக்குப் போனது. அப்படியான வீட்டில் கணவர் பிரிந்து போனால் அம்மாவுக்கு வேலியும் இல்லை, பக்கத்தில் பெரியம்மாவும் இல்லை. தனியாக நிற்கும் தாய் எல்லோரும் ஒன்றல்ல என்று சொல்வது இதனால்தான்.

வருமானம் கூடக்கூடப் படிப்பும் கூடுமா?

பொதுவாகக் கூடும். அமெரிக்காவில் 1966இல் வந்த கோல்மன் அறிக்கை, பள்ளிக்கூடத்தின் கட்டடத்தையும் கருவிகளையும்விட வீட்டுப் பின்னணிதான் பிள்ளையின் பெறுபேற்றை அதிகம் தீர்மானிக்கிறது என்றது. அதற்குப் பிறகு பல நாடுகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். வறிய நாடுகளில் பள்ளியின் தரத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்று தெரிந்தது. வீட்டின் பங்கு எங்கும் இல்லாமல் போகவில்லை. சின்ன வயதில் வரும் வறுமை பின்னால் வரும் வறுமையைவிட ஆழமாகத் தைக்கும் என்பதும் உறுதியான முடிவு.

நான் கண்டதில், மொத்தத் தொகையைவிட அது எப்படி வருகிறது என்பது முக்கியம். நிரந்தரச் சம்பளக்காரர் வீட்டில் மாதம் இவ்வளவு என்று தெரியும். ரியூசன் காசைத் தள்ளி வைப்பார்கள். மேசன் கூலியோ வாவி மீனோ அப்படி இல்லை. வருடக் கணக்கில் இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகை வந்தாலும், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை காசில்லாத மூன்று கிழமை பள்ளிக்கு வராது. அந்த மூன்று கிழமையில் வகுப்பில் பின்னம் படிப்பித்து முடித்திருப்பார்கள். பிறகு காசு வந்தாலும் பின்னம் திரும்பி வராது.

நான் விடியக் கூலிக்குப் போறன். புள்ள பள்ளிக்குப் போகுதா எண்டே எனக்குத் தெரியா. என்ன செய்ய?

விடிய ஐந்தரைக்கு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறிப் போகும் அம்மாமாரிடம் ‘பிள்ளையைக் கவனியுங்கள்’ என்று கூட்டத்தில் சொல்வது அநியாயம். பார்க்க நேரமில்லாமல்தான் அவர்கள் கஷ்டப்படுகிறார்கள்.

செய்யக்கூடியது இரண்டு. வகுப்பாசிரியரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கிழமை எத்தனை நாள் வந்தது? ஒழுங்காகக் கேட்கும் அம்மாவின் பிள்ளைக்கு அது தெரியும். அடுத்தது, காலையில் பிள்ளை சீருடையோடு படலை தாண்டுவதைப் பார்க்கப் பக்கத்து வீட்டில் ஒரு பெரிய ஆளிடம் சொல்லி வையுங்கள். அதற்குக் காசு தேவையில்லை. உரிமையோடு கேட்கலாம்.

கிழமைக்குக் கிழமை லோன் கட்டணும். அதுக்கும் புள்ள படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். பெண்கள் குழுவாக எடுக்கும் நுண்கடனைத்தான் இங்கே லோன் என்கிறார்கள். அதைக் கட்டும் நாளில் அம்மா வீட்டில் இருக்கமாட்டா. கதவடியில் நின்று ‘அம்மா இல்ல, நாளைக்கு வரட்டாம்’ என்று சொல்வதற்குப் பிள்ளையை நிறுத்தியிருப்பா. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒவ்வொரு செவ்வாயும் வராமல் இருந்ததை ஓர் ஆசிரியை கவனித்தார். விசாரித்தால் செவ்வாய்தான் அவர்கள் குழுவின் கட்டும் நாள்.

அந்தப் பிள்ளைக்குப் போனது கிழமைக்கு ஒரு நாள்தான் என்று நினைக்காதீர்கள். பொய் சொல்லப் பழக்கப்பட்ட வெட்கம் மற்ற நான்கு நாளும் அதோடு வகுப்பில் இருக்கிறது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவித்தது. அதன் பிறகும் கடன் நின்றபாடில்லை. என் கருத்து கண்டிப்பானது: ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீர்கள். கட்ட முடியாவிட்டால் நீங்களே முன்னால் வந்து தவணை கேளுங்கள். பிள்ளையைக் கதவடியில் நிறுத்த வேண்டாம்.

அஸ்வெசும கிடைக்குது. அதில எவ்வளவு புள்ளைக்குப் போகணும்?

வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுத்துவந்த சமுர்த்தி உதவிக்குப் பதிலாக 2023இல் அஸ்வெசும வந்தது. 2025 தொடக்கத்திலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 வரையும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 வரையும் என்று உயர்த்தினார்கள். அந்த வருடம் பாடசாலை உபகரணத்துக்கு ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபாய் தனியாகவும் கொடுத்தார்கள்.

இத்தனை வீதம் என்று நான் சொல்லமாட்டேன். அரிசி வாங்கப் போதாத வீட்டில் வீதம் பேசுவது சரியில்லை. வயிறு நிறைந்து போகும் பிள்ளைதான் பாடம் கேட்கும். ஆகவே சாப்பாட்டுக்குப் போன காசும் படிப்புக்குப் போன காசுதான். ஒரு பழக்கத்தை மட்டும் சொல்கிறேன்: காசு வங்கியில் விழுந்த அன்று மற்றக் கடைக்கு முன்னால் கொப்பிக் கடைக்குப் போங்கள்.

காசை அம்மாவின் கையில் கொடுத்தால் பிள்ளை படிக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு மெக்சிக்கோவைச் சொல்லலாம். அங்கே 1997இல் தொடங்கிய ‘புரோகிரேசா’ திட்டம், பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு தாயிடம் காசு கொடுத்தது. இடைநிலை வகுப்பில் பெண்பிள்ளைக்குக் கொஞ்சம் கூடவும் கொடுத்தது. இடைநிலையில் சேர்ந்த பிள்ளைகள் கூடினார்கள், பெண்பிள்ளைகள் இன்னும் கூடினார்கள்.

பிறப்புச் சான்றிதழில அப்பாட பேர் இல்ல. பள்ளியில சேர்க்க மாட்டாங்களா?

சேர்க்க வேண்டும். 1997இல் வந்த ஒழுங்குவிதியின்படி 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி. 2016இல் அதை 16 வயது வரை நீட்டினார்கள். அப்பாவின் பெயர் இருக்கிறதா என்பது அதில் ஒரு நிபந்தனையே இல்லை. பிறப்புப் பதிவே இல்லாவிட்டாலும் காலங்கடந்த பதிவு செய்யலாம். கிராம உத்தியோகத்தரோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். யாராவது வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

உம்மா வெளிநாடு போனா காசு வரும். புள்ளட படிப்புக்கு அது நல்லமா கூடாதா?

ஆம் இல்லை என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்லவே கூடாது. ஒரே தெருவில் உம்மா குவைத்திலிருந்து அனுப்பிய காசில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) வரை வந்த பிள்ளையும் உண்டு, உம்மா போன ஆறு மாதத்தில் பள்ளியை விட்ட பிள்ளையும் உண்டு. காசு இரண்டு வீட்டுக்கும் வந்தது. வீட்டில் யார் இருந்தது, காசு யார் கைக்கு வந்தது என்பதில்தான் வேறுபாடு.

வாப்பா போனால் வீட்டின் அன்றாட ஓட்டம் பெரிதாக மாறாது. உம்மா போனால் காலைச் சாப்பாடு, தலைவாரல், கொப்பி பார்த்தல், காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் ஒரே நாளில் வேறொருவருக்கு மாறும். பல வீடுகளில் அந்த ‘வேறொருவர்’ மூத்த மகள்தான். உம்மா போவது இளையவனின் படிப்புக்கு, நின்றுபோவது மூத்தவளின் படிப்பு. இது நடக்கக்கூடாது என்றால் போகுமுன் உம்மம்மாவோ சாச்சியோ வந்து வீட்டிலேயே இருக்க ஒழுங்கு செய்ய வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கான குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை 2013இல் வந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்று இருந்ததை 2022 பொருளாதார நெருக்கடியில் 2 வயதாகக் குறைத்தார்கள். சட்டம் விடுகிறது என்பதற்காகப் பிள்ளை தயாராகிவிட்டது என்று எடுக்கக்கூடாது. போவதென்று முடிவானால் வீட்டுச் செலவுக் காசும் படிப்புக் காசும் இரண்டு கணக்குக்கு வரட்டும். படிப்புக் கணக்கின் புத்தகம் பிள்ளையைப் பார்க்கும் பெண்ணிடம் இருக்கட்டும்.

புள்ள அம்மம்மாவோட இருக்கு. பள்ளியில பாதுகாவலர் யார் எண்டு கேக்கிறாங்க.

போகுமுன் தாய் அதிபருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அம்மம்மாவின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பதிந்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. ஏற்கெனவே போய்விட்டால் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்திக் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவரும் உதவுவார். அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டால் தேர்ச்சி அறிக்கையை வாயால் சொல்லச் சொல்லி ஆசிரியரிடம் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்பில வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்திட்டான். ஆனா மாதக் காசு வரல்ல. ஏன்?

அந்தப் பரீட்சையில் இரண்டு பயன் கலந்திருப்பதால் குழப்பம் வருகிறது. ஒன்று, புள்ளியை வைத்துப் பெரிய பாடசாலைக்கு ஆறாம் வகுப்பில் போகலாம். மற்றது மாதாந்தப் புலமைப்பரிசில் காசு. அது வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மட்டும். வருமானத்தை உறுதிப்படுத்தும் பத்திரங்கள் ஒழுங்காகப் போயிருக்க வேண்டும். அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். 750 ரூபாயாக இருந்த அந்தக் காசை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினார்கள்.

பெரிய பாடசாலைக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். வெல்லாவெளியிலிருந்து நகரத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையை அனுப்பினால் விடுதியோ உறவினர் வீடோ வேண்டும். பக்கத்தில் நல்ல ஆசிரியர்கள் உள்ள பள்ளி இருந்தால், ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வரை வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்பது என் எண்ணம்.

ரியூசன் இல்லாம ஏலாதா?

வீட்டு வருமானத்தின் வேறுபாடு வேறெங்கையும்விட இங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது. வகுப்பறையில் எல்லோரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு காசு உள்ள பிள்ளை ஒரு பக்கம், இல்லாத பிள்ளை ஒரு பக்கம். சில இடங்களில் ‘இது ரியூசனில் பார்த்திருப்பீர்கள்தானே’ என்று வகுப்பிலேயே பாடத்தைத் தாண்டிப் போகிறார்கள். இது எனக்குக் கோபம் வரும் விஷயம். ரியூசனுக்குப் போகாத பிள்ளைக்கும் அந்த நாற்பது நிமிடத்தில் உரிமை உண்டு.

காசு குறைவென்றால் எல்லாப் பாடத்துக்கும் அனுப்பிக் கடன்படாதீர்கள். ஐந்தாம் வகுப்புக்குள் பிள்ளை தமிழைத் தட்டாமல் வாசிக்கிறதா, பெருக்கல் வகுத்தல் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த இரண்டும் இருந்தால் பிள்ளை தானாகப் படித்து ஏறும். ஓ.எல். வகுப்பில் ஒரு பாடத்துக்குத்தான் காசு இருக்கிறதென்றால் கணிதத்துக்குக் கொடுங்கள். அதில் விழுந்துதான் பலர் நின்றுபோகிறார்கள். கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசலிலும் வாசிகசாலையிலும் ஏ.எல். முடித்த பிள்ளைகள் இலவச மாலை வகுப்பு எடுக்கும் ஊர்கள் உண்டு. உங்கள் ஊரில் இல்லாவிட்டால் தொடங்க ஒரு கரும்பலகையும் மின்குமிழும் போதும்.

வெள்ளாமை வெட்டுக்குப் பெரியவனை ரெண்டு கிழமை மறிச்சா என்ன? பிறகு போவான்தானே.

பிறகு போவான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் தடவை போவான். இரண்டாம் தடவை அவன் கையில் கூலிக் காசு வந்திருக்கும், வகுப்பில் பாடம் ஓடியிருக்கும், கூட்டாளி ஒருவன் ஏற்கெனவே விட்டிருப்பான். ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் பையன்கள் கழன்று போவது இப்படித்தான். நாடு முழுவதும் பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளே அதிகம் இடைவிலகுகிறார்கள். நம் பக்கத்திலும் அதே.

2021இல் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக்கினார்கள். சனி ஞாயிறு அப்பாவோடு வயல் வட்டைக்குப் போய் உதவுவதை யாரும் குறை சொல்லவில்லை. அது அவன் கற்க வேண்டியதும்கூட. பள்ளி நாளில் இன்னொருவரின் வயலுக்குக் கூலிக்கு அனுப்புவது வேறு. முதல் பதிலில் சொன்ன நாட்கூலிக் கணக்குத்தான் இங்கே வேலை செய்கிறது. அந்தக் கூலி இல்லாமல் முடியாதென்றால் ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லி, விட்ட பாடத்தை யார் சொல்லித் தருவார் என்று முதலே ஒழுங்கு செய்யுங்கள்.

ரெண்டு பொம்புளப் புள்ள. வீட்டைக் கட்டுறதா, படிப்பிக்கிறதா?

வீடு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று நானே மேலே எழுதினேன். அதே வழக்கத்தின் மறுபக்கம் இது. மகள் பிறந்த நாளிலிருந்து குடும்பத்தின் மிச்சக் காசெல்லாம் கல்லும் சீமெந்துமாகிறது. அம்மா வெளிநாடு போவதும் அதற்கு, லோன் எடுப்பதும் அதற்கு. படிப்புச் செலவை ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளுவதும் அதற்குத்தான். வீடு அரைச்சுவரில் நிற்கும்போது பதினேழு வயதில் ஒரு சம்பந்தம் வந்தால் படிப்பு முடிந்துபோகும். பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 என்று 1995இல் வந்தது. முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்தி அங்கேயும் 18 ஆக்க வேண்டும் என்று முஸ்லிம் பெண்களே பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் பதில் இது. வளவை அவள் பெயருக்கு எழுதுங்கள். ஒரு அறையும் கூரையும் போடுங்கள். மாடியும் மாபிளும் நிற்கட்டும், அந்தக் காசு அவள் ஏ.எல். முடிக்கும்வரை படிப்புக்குப் போகட்டும். ஆசிரியையாக, தாதியாக, அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை எடுத்த மகள்கள் மிச்சச் சுவரைத் தாங்களே கட்டியிருக்கிறார்கள். சம்பளம் எடுக்கும் பெண்ணுக்குச் சீதனம் கேட்கும் குரலும் கொஞ்சம் இறங்கும்.

அவர் குடிச்சிட்டு வந்து ஒவ்வொரு நாளும் சண்டை. புள்ளைகளுக்காகத்தான் பொறுத்துக்கொண்டு இருக்கிறன். சரிதானே?

உங்கள் பொறுமையைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் ‘பிள்ளைகளுக்காக’ என்று கேட்டதால் சொல்கிறேன். ஓயாத சண்டைக்குள் இருக்கும் பிள்ளை, பெற்றோர் அமைதியாகப் பிரிந்து வாழும் பிள்ளையைவிடப் பல சமயங்களில் மோசமாகப் படிக்கிறது என்று நீண்ட கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவு முழுக்க விழித்திருந்த பிள்ளை காலையில் எட்டு மணிப் பாடத்தில் தூங்கும். கசிப்புச் சாராயத்துக்குப் போன காசு படிப்புக்கும் இல்லை. இரண்டாம் கேள்வியில் சொன்ன கணக்கில் பார்த்தால், அப்பா வீட்டிலேயே இருந்தும் காசும் போயிற்று, கவனிப்பும் போயிற்று.

என்ன முடிவெடுப்பது என்பது உங்கள் கையில். அடி உதை என்று வந்தால் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1929 என்ற இலக்கத்துக்கு இலவசமாக எடுக்கலாம். பொலிஸ் நிலையங்களில் பெண்கள், சிறுவர்களுக்கான பிரிவும் உண்டு.

அவர் வேற கல்யாணம் செய்திட்டுப் போயிட்டார். படிப்புச் செலவு கேக்க ஏலுமா?

ஏலும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு (பராமரிப்புச் செலவு) வழக்குப் போடலாம். கல்யாணப் பதிவு இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கும் கேட்கலாம். கம்பஸில் (பல்கலைக்கழகத்தில்) படிக்கும் பிள்ளை அதற்குள் வரக்கூடும். முஸ்லிம் பெண்கள் காதி நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள். கேட்பது பிச்சையல்ல, பிள்ளையின் பங்கு.

அஞ்சு புள்ள. எல்லாரையும் படிப்பிக்க ஏலாது. யாரை மறிக்கிறது?

பதினாறு வயதுக்குள் யாரையும் மறிக்க முடியாது. அது சட்டம். அதற்கு மேல் என்றாலும், பிள்ளைகள் கூடும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் காசும் கவனிப்பும் குறையும் என்பது உண்மையே. நம் வீடுகளில் அந்தக் குறை எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. மூத்ததுதான் நிற்கும். கடைக்குட்டி கம்பஸ் போகும், மூத்தவன் அதற்குக் காசு கொடுத்த கதையை நாற்பது வயதிலும் மனதில் வைத்திருப்பான்.

மூத்த பிள்ளைக்கு ஏ.எல். ஓடாவிட்டால் நேரே கூலிக்கு அனுப்பாமல் தொழிற்பயிற்சி நிலையத்தில் விடுங்கள். மின்னிணைப்பு, குழாய் வேலை, மோட்டார் திருத்தம் தெரிந்தவனுக்கு நம் ஊரில் வேலை காத்திருக்கிறது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில், சில பாடசாலைகளில் ஓ.எல். தவறியவர்களும் தொழிற்பாடங்களோடு தொடரலாம்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏ.எல். எழுதினாலும் கம்பஸ் எங்களுக்குக் கிடைக்குமா?

கிடைக்கும் வழி இருக்கிறது. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இடங்களும் உண்டு. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலுக்குத் திறமையையும் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

ஆனால் மாவட்ட ஒதுக்கீடு மாவட்டத்துக்குள்ளே இருக்கும் இடைவெளியைப் பார்ப்பதில்லை. மாவட்டத்தின் வடகோடியில் உள்ள வாகரைப் பிள்ளையும் நகரத்தில் நான்கு ரியூசன் போன பிள்ளையும் ஒரே ஒதுக்கீட்டில்தான் போட்டியிடுகிறார்கள். இதை யாராவது மாற்ற வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒரு ரீச்சர். என்ட வகுப்பில எந்தப் புள்ள இடையில நிக்கப்போகுது எண்டு முதலே எப்படித் தெரியும்?

முதலில், வகுப்பின் முன்னால் ‘அப்பா என்ன வேலை’ என்று எழுப்பிக் கேட்காதீர்கள். படிவம் நிரப்ப வேண்டுமென்றால் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பிறகு வரவுப் பதிவேட்டை நாள் நாளாக அல்ல, பிள்ளை பிள்ளையாகப் பாருங்கள். ஒரே கிழமை நாளில் திரும்பத் திரும்ப வராத பிள்ளைக்கு வீட்டில் கடனோ சந்தை நாளோ இருக்கும். வெட்டுக் காலத்தில் மட்டும் வராதவன் கூலிக்குப் போகிறான். திடீரென்று பிந்தி வரத் தொடங்கிய பெண்பிள்ளையின் அம்மா அநேகமாக வெளிநாடு போயிருப்பா. ஒவ்வொன்றுக்கும் வேறு உதவி தேவை, அவற்றை மேலே சொல்லியிருக்கிறேன். தொடர்ந்து இரண்டு கிழமை வராவிட்டால் கடிதம் அனுப்பிக் காத்திருக்காமல், பாடசாலை வரவுக் குழுவுக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவித்துவிட்டு ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள். போகிறவர் விட்டுப்போன பாடக் கொப்பிகளையும் கையோடு கொண்டுபோகட்டும்.